பழுதானால் எந்தப் பக்கம் சாயும்?



நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்று பொறியியலோ பாலிடெக்னிக்கோ படிக்கும் பிள்ளை இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது. பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து, ரயில்வே, வங்கி, பள்ளிக்கூடம், வியாபாரம் என்று ஏதோ ஒன்றில் காலூன்றிய நாம், பிள்ளைகளை எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிகல் என்று சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு கருத்தைச் சொல்லவே இந்தக் கட்டுரை. நான் எழுத்தாளன் அல்லன். டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வே சிக்னல் பிரிவில் 35 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவன். எனவே நடை கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து இதுதான். எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும், ஆணோ பெண்ணோ, தன் கையால் ஒரு வேரியபிள் பவர் சப்ளை செய்து பார்க்க வேண்டும். அதையும் ஸ்விட்ச் மோடு முறையில் செய்ய வேண்டும். செய்யும்போது "இது எப்படி வேலை செய்யும்?" என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், "இது பழுதானால் எந்தப் பக்கம் சாயும்?" என்றும் கேட்கப் பழக வேண்டும். முதல் கேள்வியைக் கல்லூரி கற்றுத் தருகிறது. இரண்டாவது கேள்வியை யாரும் கற்றுத் தருவதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் உயிரும் பொருளும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கின்றன.

நம்மைச் சுற்றி நடப்பது

இந்த ஊர்களில் மின்னணுத் தொழில் நேற்றுத் தொடங்கியதல்ல. சித்தூர் மாவட்டம் பேட்டமிட்ட கிராமத்தில் பிறந்த கல்லா ராமச்சந்திர நாயுடு, அமெரிக்காவில் பொறியாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பி, 1985-இல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடியில் அவர் தொடங்கிய பேட்டரித் தொழில் இன்று நாடறிந்தது. ரயில்வே சிக்னலுக்கான மின்வழங்கிச் சாதனங்களையும் அந்தக் குழுமம் அங்கே தயாரித்து வந்திருக்கிறது. 2015-இல் சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டியில் செல்போன்கள் பூட்டும் வேலை தொடங்கியது. ரேணிகுண்டாவைச் சுற்றி மின்னணுத் தொழிற்பேட்டைகள் வந்தன. 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இவையெல்லாம் புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் வந்துவிட்டன.

நம் பிள்ளைகள் நாளை வேலை கேட்டு நிற்கப்போவது இப்படிப்பட்ட வாசல்களில்தான். அங்கே தயாராகும் டிவி, செல்போன், சார்ஜர் எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை இருக்கும். ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்திருக்கிறார்கள்? கடைசி வருட ப்ராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, அட்டை போட்ட ரிப்போர்ட்டோடு சமர்ப்பிக்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இப்போது அந்த ஏட்டையும் யாரோ எழுதித் தந்துவிடுகிறார்கள்.

ஏன் பவர் சப்ளை?

வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்பவர்களுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். ஒரு சின்ன போர்டுக்கு 5 வோல்ட் வேண்டும். பழைய ரேடியோவுக்கு 9 வோல்ட். மோட்டாருக்கு 12 வோல்ட். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடாப்டர் தேடிக்கொண்டிருக்காமல், குமிழைத் திருகினால் வேண்டிய வோல்டேஜ் தரும் ஒரு பெட்டி இருந்தால் மற்ற எல்லா வேலையும் எளிதாகிவிடும். தச்சருக்கு உளி எப்படியோ, எலக்ட்ரானிக்ஸ் பழகுபவருக்கு அந்தப் பெட்டி அப்படி.

இதைப் பழைய லீனியர் முறையிலும் செய்யலாம். அதில் வேண்டாத வோல்டேஜை வெப்பமாக எரித்துத் தள்ளுகிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே வருவது 24 வோல்ட், நமக்கு வேண்டியது 5 வோல்ட், ஓடும் மின்னோட்டம் ஒன்றரை ஆம்பியர். நமக்குப் பயன்படுவது ஏழரை வாட். மீதி 19 வோல்ட்டை ஒன்றரையால் பெருக்கினால் 28.5 வாட். அவ்வளவும் வெப்பம். நாம் சால்டர் வைக்கும் அயர்ன் 25 வாட்தான்! பெட்டிக்குள் ஓர் அயர்னைச் சூடாக விட்டுவைப்பதற்குச் சமம் இது.

ஸ்விட்ச் மோடு முறையில் மின்சாரத்தை எரிப்பதில்லை; வேகமாகத் திறந்து மூடுகிறோம். இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுத் தையல் மெஷின் போதும். மிதியை விட்டுவிட்டு மிதித்தாலும் சக்கரம் சீராகச் சுற்றுகிறது அல்லவா? மிதிக்கும்போது வாங்கிய வேகத்தைச் சக்கரம் தேக்கி வைத்து, மிதிக்காத நேரத்தில் திருப்பித் தருகிறது. பவர் சப்ளையில் அந்தச் சக்கரத்தின் வேலையைச் செய்வது ஒரு செப்புக் கம்பிச் சுருள். மிதிக்காத நேரத்திலும் மின்னோட்டம் தொடர்ந்து ஓட வழிவிடும் டயோடு, சைக்கிளில் இருக்கும் ஃப்ரீ வீல் மாதிரி. அந்தப் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். கடைசியில் இருக்கும் கப்பாசிட்டர், மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் ஒரே சீராக வருகிறது.

எத்தனை நேரம் மிதிப்பது, எத்தனை நேரம் விடுவது என்பதுதான் வெளிவரும் வோல்டேஜைத் தீர்மானிக்கிறது. பல ஆண்டுகளாகக் கடைகளில் கிடைக்கும் எல்.எம். 2576 என்ற சிப் இதை விநாடிக்கு 52,000 முறை செய்கிறது. அதே 5 வோல்ட், ஒன்றரை ஆம்பியருக்கு இது 24 வோல்ட்டிலிருந்து இழுப்பது ஏறத்தாழ 10 வாட். வீணாவது இரண்டரை வாட்டுக்குள் அடங்கிவிடும்.

இந்த ஆதாயத்துக்காகத்தான் ரயில்வேயும் இந்த முறைக்கு மாறியது. முன்பெல்லாம் ஒரு ஸ்டேஷனின் சிக்னல் அறையில் 24 வோல்ட்டுக்கு ஒரு சார்ஜர், 60 வோல்ட்டுக்கு ஒன்று, 110 வோல்ட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி பேட்டரி. பிறகு ஐ.பி.எஸ். எனப்படும் ஒருங்கிணைந்த மின்வழங்கி வந்தது. ஒரே 110 வோல்ட் பேட்டரித் தொகுப்பு. அதை நிரப்ப ஸ்விட்ச் மோடு சார்ஜர்கள். அதிலிருந்து வேண்டிய வோல்டேஜ்களைப் பிரித்துத் தரச் சிறிய மாற்றிகள். சார்ஜர்களைத் தேவைக்கு மேல் ஒன்று கூடுதலாகவே பொருத்தியிருப்பார்கள். ஒன்று நின்றாலும் மற்றவை பாரத்தை ஏற்றுக்கொள்ளும். சிக்னல் எரிந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கூடுதல் ஒன்றில்தான் நான் சொல்ல வந்த விஷயம் ஒளிந்திருக்கிறது. சாதனம் பழுதாகும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு அதைக் கட்டியிருக்கிறார்கள்.

ரயில்வே கற்ற பாடம்

பழைய கைகாட்டி மரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கேபினில் லீவரை இழுத்தால் கம்பி வழியாகக் கை அசையும். அந்தக் கம்பி நடுவில் அறுந்துவிட்டால் என்ன ஆகும்? கை தானாகவே 'நில்' நிலைக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பும்படி எடை வைத்துக் கட்டியிருப்பார்கள். வண்டி தாமதமாகும், பயணிகள் திட்டுவார்கள். ஆனால் யாரும் சாக மாட்டார்கள்.

1872-இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் ஒரு டிராக் சர்க்யூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளத்தில் எப்போதும் ஒரு சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். அது ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும் வரைதான் சிக்னல் பச்சை. வண்டி வந்தால் சக்கரங்கள் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், ரிலே விழும், சிவப்பு. தண்டவாளம் உடைந்தாலும் சிவப்பு, வயர் அறுந்தாலும் சிவப்பு, பேட்டரி தீர்ந்தாலும் சிவப்பு. அபாயத்தைச் சொல்ல மின்சாரம் தேவையில்லை. 'போகலாம்' என்று சொல்லத்தான் மின்சாரம் தேவை. இவ்வளவு சிறிய யோசனை, 150 ஆண்டுகளாக உலகம் முழுவதும் உயிர்களைக் காத்து வருகிறது.

இந்த யோசனை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தில் அர்மா என்ற ஊருக்கு அருகே ஒரு சுற்றுலா ரயில் ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றது. அதில் நிறையக் குழந்தைகள். வண்டியை இரண்டாகப் பிரித்து முன்பாதியை முதலில் கொண்டுபோக முயன்றார்கள். அந்த வண்டியில் இருந்த வாக்குவம் பிரேக், என்ஜினோடு இணைப்பு இருக்கும் வரைதான் வேலை செய்யும் வகை. இணைப்பைக் கழற்றியதும் பின்பாதிக்கு அந்த பிரேக் இல்லாமல் போயிற்று. அது சரிவில் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த வண்டியில் மோதி, 80 பேர் இறந்தார்கள். இணைப்பு அறுந்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும் பிரேக்கை வெஸ்டிங்ஹவுஸ் 1872-லேயே செய்து காட்டியிருந்தார். ஆனால் விபத்து நடந்த பிறகே, அதே 1889-இல், பயணி வண்டிகளுக்கு அத்தகைய பிரேக்கை பிரிட்டனில் சட்டம் கட்டாயமாக்கியது.

இரண்டு பிரேக்குகளும் நல்ல நிலையில் இருக்கும்போது ஒரே மாதிரி வண்டியை நிறுத்தும். பழுதாகும்போதுதான் எது நல்லது என்று தெரியும். வீட்டு மேசை மேல் இருக்கும் சின்னப் பெட்டிக்கும் இது பொருந்தும். எப்படி என்று மூன்று இடங்களில் காட்டுகிறேன்.

முதல் இடம்: சுவர் பிளக்

பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையைக் கழற்றி, உள்ளே சில மாற்றங்கள் செய்து, வேரியபிள் சப்ளையாக மாற்றும் பழக்கம் பொழுதுபோக்காளர்களிடம் உலகெங்கும் உண்டு. கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனாலும் பழகும் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் சொல்கிறேன். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி.யை நேரடியாக டி.சி.யாக மாற்றினால் அதன் உச்சம் 325 வோல்ட். அந்தப் பெட்டிகளில் இந்த 325 வோல்ட் ஒரு பெரிய கப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கும். அதை மெதுவாக வடித்துவிட வைத்திருக்கும் ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால், நீண்ட நேரம் இருக்கும். "பிளக்கைக் கழற்றிவிட்டேனே!" என்று நம்பிக் கை வைக்கும் பிள்ளையைப் பழுதான ஒரு ரெசிஸ்டர் காப்பாற்றாது. சுவர்ப் பக்கத்துக்கும் நம் பக்கத்துக்கும் நடுவே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு சரியில்லை என்றாலும் ஆபத்துதான். அந்தக் காப்பைச் சோதித்துச் சான்று தரும் கருவிகள் நம் வீடுகளில் கிடையா.

ஆகவே சுவர்ப் பக்கத்து வேலையைத் தொழிற்சாலைக்கே விட்டுவிடுங்கள். பி.ஐ.எஸ். முத்திரையும் பதிவு எண்ணும் உள்ள, மூடிய 24 வோல்ட் அடாப்டர் ஒன்றை வாங்குங்கள். 3 ஆம்பியர் தந்தால் போதும். அதைத் திறக்கவே கூடாது. அதற்கு இந்தப் பக்கம் உள்ள 24 வோல்ட்டில் பிள்ளை தன் ஆசைப்படி கட்டட்டும், எரிக்கட்டும், மறுபடியும் கட்டட்டும். எரிந்தால் போவது சில நூறு ரூபாய்.

"பாதியைக் கடையில் வாங்கினால் அது சொந்தமாகச் செய்தது ஆகுமா?" என்று சிலர் கேட்பார்கள். மாவை மில்லில் அரைத்து வாங்கினாலும் தோசை நம் வீட்டுத் தோசைதானே?

இரண்டாம் இடம்: குமிழ்

இந்தக் கட்டுரையில் முக்கியமான இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சிப்புக்கு ஒரு கண் உண்டு. ஃபீட்பேக் என்று அந்தக் காலுக்குப் பெயர். அங்கே எப்போதும் 1.23 வோல்ட் இருக்க வேண்டும் என்பதே சிப்பின் ஒரே குறிக்கோள். குறைந்தால் அதிகம் மிதிக்கும், கூடினால் குறைத்துக்கொள்ளும். வெளிவரும் வோல்டேஜை இரண்டு ரெசிஸ்டர்களால் பங்கிட்டு ஒரு பங்கை இந்தக் கண்ணுக்குக் காட்டுகிறோம். மேல் ரெசிஸ்டர் வெளிமுனையிலிருந்து கண்ணுக்கு வருகிறது. கீழ் ரெசிஸ்டர் கண்ணிலிருந்து மைனஸுக்குப் போகிறது. இரண்டில் ஒன்றைக் குமிழாக வைத்தால் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கலாம்.

எதைக் குமிழாக வைப்பது? பெரும்பாலான வரைபடங்களில் மேல் ரெசிஸ்டரைத்தான் குமிழாகக் காட்டியிருப்பார்கள். அதில் அளவு சீராக ஏறும், பார்க்கவும் அழகு. இப்போது நம் இரண்டாவது கேள்வியைக் கேட்போம். குமிழ் என்பது தேயும் பொருள். பழைய ரேடியோவில் வால்யூமைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வருமே, அது குமிழின் உள்ளே தொடர்பு விட்டுப் போவதன் அடையாளம். மேல் ரெசிஸ்டரில் தொடர்பு விட்டுப்போனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பூஜ்யம்தான் தெரியும். "வோல்டேஜ் போதவில்லை" என்று நினைத்துச் சிப் முழு மூச்சாக மிதிக்கும். நீங்கள் 5 வோல்ட் என்று வைத்திருந்த இடத்தில் 20-க்கு மேல் வந்து நிற்கும். இணைத்திருந்த பொருள் கருகிவிடும்.

கீழ் ரெசிஸ்டரைக் குமிழாக வைத்தால்? தொடர்பு விட்டுப்போனால், வெளிவரும் வோல்டேஜ் முழுவதும் அப்படியே கண்ணுக்குத் தெரியும். "அதிகமாகிவிட்டது" என்று சிப் குறைத்துக்கொண்டே போய் 1.23 வோல்ட்டில் நின்றுவிடும். கம்பி அறுந்தால் கைகாட்டி 'நில்' நிலைக்குப் போவதைப் போலவே. அதே சிப், அதே குமிழ், அதே விலை. இடம் மட்டும் மாறியிருக்கிறது.

எண்கள் வேண்டுவோருக்கு: மேலே 10 கிலோ ஓம் நிலையான ரெசிஸ்டர். கீழே 680 ஓம் ரெசிஸ்டரும் 10 கிலோ ஓம் குமிழும் தொடராக. வெளிவருவது சுமார் 2.4 வோல்ட் முதல் 19.3 வோல்ட் வரை. சுருள் 100 மைக்ரோ ஹென்றி, குறைந்தது 4 ஆம்பியர் தாங்குவது. டயோடு 1 என் 5822. உள்ளே 100 மைக்ரோ ஃபாரட், வெளியே 1000 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர்கள். உள்ளே வைப்பது 50 வோல்ட் தாங்கட்டும், வெளியே வைப்பது 35 வோல்ட். மேல் ரெசிஸ்டரைச் சிப்பின் காலுக்கு ஒட்டியே சால்டர் செய்யுங்கள். முன் பலகைக்குப் போகும் வயர் குமிழின் வயராக மட்டும் இருக்கட்டும். அறுந்தால் அதுதான் அறுபட வேண்டும்.

இதற்கும் ஒரு விலை உண்டு, மறைக்கவில்லை. குமிழின் அளவு சீராக இருக்காது. ஒரு பக்கம் நிதானமாக ஏறி, கடைசியில் சட்டென்று எகிறும். முன்னால் ஒரு டிஜிட்டல் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்துத் திருகினால் பழகிவிடும். அழகுக்கும் பாதுகாப்புக்கும் போட்டி வந்தால் எதை விடுவது என்பதைப் பிள்ளை முதல் முறையாக இங்கேதான் முடிவு செய்கிறது.

சில காலம் முன்பு நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பையன் தன் ப்ராஜெக்ட் போர்டை என்னிடம் காட்ட வந்தான். இதே போன்ற சப்ளைதான். பளபளப்பாக இருந்தது. வெளியே மீட்டரைத் தவிர ஒன்றையும் இணைக்காமல் 5 வோல்ட்டில் வைக்கச் சொன்னேன். வைத்தான். "தம்பி, இந்தக் குமிழ் வயர் அறுந்தால் மீட்டர் என்ன காட்டும்?" என்றேன். "ஜீரோ காட்டும், அங்கிள்" என்றான். கழற்றிப் பார்க்கச் சொன்னேன். மீட்டர் 22-ஐத் தாண்டியது. பையன் வெகுநேரம் பேசவில்லை. நாலு வருடப் படிப்பில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை. அவன் கெட்டிக்காரன், அன்று மாலையே குமிழை இடம் மாற்றிக்கொண்டு போனான்.

மூன்றாம் இடம்: விழும் உயரம்

கண் சரியாக இருந்தும் பயன்படாத பழுது ஒன்று உண்டு. சிப்புக்குள் இருக்கும் ஸ்விட்சே ஷார்ட் ஆகி, திறந்தபடி நின்றுவிட்டால், 24 வோல்ட்டும் நேராக வெளியே வந்துவிடும். இதை எந்தக் குமிழாலும் தடுக்க முடியாது.

இதற்கு நான் சொல்லும் வழி மிக எளியது. விழும் உயரத்தைக் குறைத்துவிடுங்கள். 5 வோல்ட் வேலை மட்டும் செய்யும் நாளில் 24 வோல்ட் அடாப்டர் எதற்கு? 9 வோல்ட் அடாப்டரை மாட்டுங்கள். சிப்பில் எது பழுதானாலும் 9-க்கு மேல் வர வழியில்லை. பிழைக்கும் வாய்ப்பு அதிகம். உள்ளே வரும் வழியில் ஒரு 3 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்தது மின்னோட்டத்துக்கு எல்லை கட்டுவது. மைனஸ் பக்கத்தில் 0.1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்தால், 2 ஆம்பியர் ஓடும்போது அதன் குறுக்கே 0.2 வோல்ட் தோன்றும். எல்.எம். 358 போன்ற ஆப் ஆம்ப் அதைப் பார்த்துக்கொண்டிருந்து, எல்லை மீறினால் ஒரு டயோடு வழியாகச் சிப்பின் கண்ணை உயர்த்திவிடும். சிப் அடங்கிவிடும். இதை முதல் பெட்டியிலேயே செய்ய வேண்டியதில்லை. பெட்டி ஓடத் தொடங்கிய பிறகு, இரண்டாவது மாதத்துப் பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

அதுவரைக்கும், ஏன் அதற்குப் பிறகும், முதல் சோதனைக்கு ஏற்ற பொருள் 12 வோல்ட், 21 வாட் ஸ்கூட்டர் பல்பு. 12 வோல்ட்டில் ஒன்றேமுக்கால் ஆம்பியர் இழுக்கும். சப்ளை தள்ளாடினால் வெளிச்சம் தள்ளாடும், கண்ணுக்கே தெரியும். பல்பு எரிந்து போனாலும் அழ வேண்டியதில்லை. அரை மணி நேரம் எரியவிட்டுச் சிப்பையும் சுருளையும் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் ஹீட் சிங்க் போதவில்லை, அல்லது சுருள் தரமில்லை. மீடியம் வேவ் ரேடியோ இருந்தால் அருகில் வைத்துக் கேளுங்கள். கரகரப்பு மிக அதிகமாக இருந்தால், உள் கப்பாசிட்டர், சிப், டயோடு மூன்றுக்கும் இடையே வயர்கள் நீளமாகிவிட்டன என்று பொருள். குட்டையாக்குங்கள்.

சில மறுப்புகளுக்கு

"இதைவிட நல்ல பெட்டி கடையில் மலிவாகக் கிடைக்கிறதே?" என்பார்கள். கிடைக்கிறது. வாங்கவும் செய்யலாம். ஆனால் வாங்கிய பெட்டியின் உள்ளே குமிழ் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேட்கத் தெரிய வேண்டுமானால், ஒரு முறையாவது கட்டியிருக்க வேண்டும்.

"படிப்பு கெட்டுவிடும்" என்பார்கள். நாலு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். செலவு, குடும்பத்தோடு ஒரு முறை நல்ல ஓட்டலில் சாப்பிடும் தொகைக்குள் அடங்கும்.

"பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்றும் ஒருவர் என்னிடம் கேட்டார். அந்தப் பெண்தான் நாளை தன் வீட்டில் கருகிய வாசனை வரும் சார்ஜரை முதலில் பிடுங்கப் போகிறவள் என்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். நல்லது, வாழும் மண்ணின் மொழி தெரியத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் தமிழ் "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு மேசை மேல் நாலு பொருளைப் பரப்பிக்கொண்டு, "இது ஏன் சூடாகிறது? இந்த வயர் அறுந்தால் என்ன ஆகும்?" என்று அப்பாவும் மகளும் பேசிப் பாருங்கள். சிப், டயோடு என்று பாதி ஆங்கிலம் கலந்தாலும் பரவாயில்லை. காரணம் கேட்பதும் காரணம் சொல்வதும் தமிழில் நடக்கும். மொழி வளர அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பிள்ளை வந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஆண்டுதோறும் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்கு நாம் பரிசு தருகிறோம். கேடயம் கண்ணாடி அலமாரியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. இனி எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்குக் கேடயத்துக்குப் பதில் ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், ஒரு 24 வோல்ட் அடாப்டர் தரலாம் என்பது என் யோசனை. மாதத்தில் ஒரு ஞாயிறு சங்கக் கூடத்தில் இரண்டு மேசைகளை ஒதுக்கினால், ஓய்வு பெற்ற என் போன்றவர்கள் உட்கார்ந்து சொல்லித் தரத் தயார். பிள்ளை பெட்டியைக் கட்டி முடித்ததும் அதற்கு ஒரே ஒரு தேர்வு. பல்பு எரிகிறதா என்று பார்ப்போம், எரியும். பிறகு குமிழின் வயரைக் கழற்றுவோம். மீட்டர் கீழே இறங்கினால் தேர்ச்சி.

எந்த ஞாயிறு என்று செயற்குழு முடிவு செய்யட்டும். மீட்டரும் ஸ்கூட்டர் பல்பும் நான் கொண்டு வருகிறேன்.